கோலி சோடாவும் சாண வாயு பஸ்ஸும்

கோபர் கேஸ் நமக்குப் புதிதில்லை. தொழுவத்தருகே ஒரு குழி, மேலே கவிழ்த்த இரும்பு டிரம், அங்கிருந்து அடுப்புக்கு ஒரு குழாய். அதே வாயுவில் பஸ் ஓடுகிறது என்றால்தான் புருவம் உயர்கிறது.

1776 நவம்பரில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா சேற்றைக் கோலால் கிளறினார். பின்னாளில் பேட்டரி செய்து பேர்வாங்கிய அதே வோல்டாதான். கொப்பளித்த குமிழிகளைப் பிடித்துப் பற்றவைத்தால், எரிந்தது! சாண வாயுவில் எரிவதும் இதே மீத்தேன்தான். பிறகு வாயுவையும் காற்றையும் ஒரு குடுவையில் அடைத்து, மின்பொறி தட்டி, தக்கையைத் தெறிக்கவிட்டார். ஸ்பார்க் பிளக் இன்று செய்வதும் அதையேதான். அவருக்கோ அது துப்பாக்கி விளையாட்டு.

அப்புறம் அந்த வாயு தலைகாட்டியது சாக்கடையில். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் கட்டிய மூடிய கழிவுத் தொட்டியின் வாயுவில் விளக்கு எரிந்தது. பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்திலும் 1897இல் அதேபோல ஒன்று வந்தது. சில ஆண்டுகளில் அங்கே இன்ஜினே ஓடியது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மானிய நகரங்கள் சாக்கடை வாயுவை வண்டிகளுக்கு ஏற்றின. போர் முடிந்து பெட்ரோல் மலிந்ததும் சாக்கடையை யார் நினைப்பார்கள்?

இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஹரால்ட் பேட் நினைத்தார். கோழி எருவில் கார் ஓட்டினார். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. காரில் பொருத்தும் கருவியையும் விற்றார்.

ஒரு சிக்கல். சாண வாயுவில் சுமார் 40 சதவீதம் கரியமில வாயு. எரியாது, சிலிண்டரில் இடத்தை மட்டும் அடைக்கும். கூடவே அழுகிய முட்டை நாற்றத்துடன் வரும் ஹைட்ரஜன் சல்பைடு இன்ஜினை அரிக்கும். கரியமில வாயுவுக்குத் தீர்வு சோடாக் கடையில் இருக்கிறது. 1767இல் லீட்ஸில் பீர் ஆலைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, அங்கே பொங்கிய கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். நம் கோலி சோடா அந்த வம்சம். சாண வாயுவை அழுத்தித் தண்ணீரோடு மோதவிட்டால் கரியமில வாயு கரைந்துபோகும். மீத்தேன் அவ்வளவாகக் கரையாது. அதாவது சோடாவைத் தயாரித்து, சோடாவைக் கொட்டிவிட்டு, மிஞ்சியதை வைத்துக்கொள்வது! அதை 200 மடங்கு காற்றழுத்தத்தில் அடைத்தால் வண்டிக்கு எரிபொருள்.

ஸ்வீடனின் லின்ஷாப்பிங் நகரம் இதில் முந்திக்கொண்டது. டீசலுக்கு மாற்றாக, இறைச்சிக்கூடக் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். 2002இல் நகரப் பேருந்துகள் அனைத்தும் அதற்கு மாறின. 2005இல் ஒரு ரயிலும்! பிரிட்டனின் பிரிஸ்டலிலும் 2015இல் மனிதக் கழிவின் வாயுவில் பஸ் விட்டார்கள். தடம் எண் 2. பள்ளிக்கூடத்தில் விரல் காட்டி வெளியே போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஹரால்ட் பேட்டின் கோழிகள் கடைசியில் நாமக்கல் வந்து சேர்ந்தன. புதுச்சத்திரத்தில் கோழி எச்சமும் சர்க்கரை ஆலைக் கழிவும் வாயுவாகின்றன. முட்டை லாரிகள் ஓடும் அதே ஊர்ச் சாலைகளில் அந்த வாயுவும் சிலிண்டர் அடுக்குகளில் ஏறி, பெட்ரோல் பங்க்குக்குப் போகிறது.