ஆணையால் திறந்த கதவு

1904ஆம் ஆண்டு. ஆடவர் மட்டுமே பயின்றுவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இடம் கேட்டார் ஒரு பெண். எழுந்தது எதிர்ப்பு! பெண் நுழைந்தால் மாணவர் மனம் கெடுமாம். அவர் தாயார் தேவதாசி மரபினர் என்பதையும் குறையாகப் பேசினர். கெடக்கூடிய மனம் மாணவருடையது. வெளியே நிற்கவேண்டியவளோ பெண்! என்னே இவர்கள் கண்ட நீதி!

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். முத்துலட்சுமி உள்ளே சென்றார். 1912இல் மருத்துவப் பட்டம். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர் பதவி. இவ்வளவு ஆற்றலும் ஓர் ஆணைக்காகக் காத்துக் கிடந்ததை எண்ணும்போது நாம் மகிழ்வதா, வெட்குவதா?

ஒருத்திக்குத் திறந்த கதவு, ஊருக்கே அமைத்த பாதை ஆகிவிடாது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, எத்தொழிலையும் மேற்கொள்ளப் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டுமென்றது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையில் பெண்களுக்கே முதலிடம் கேட்டது. அத்தொழிலில் இருக்கும் நாம் அதனைப் பெருமையோடு நினைக்கிறோம். ஆனால், பள்ளி நான்கு கல் தொலைவில் இருந்து, பஸ்ஸும் இல்லையெனில், ஆசிரியை எங்ஙனம் செல்வாள்? தந்தையோ, தமையனோ, கணவனோ ஓட்டும் மிதிவண்டியின் பின்னால் அமர்ந்துதான்! அவனுக்கு ஓய்வில்லாத நாளில் அவளுக்கு வேலையும் இல்லை. சட்டம் தடுக்கவில்லை; தெரு தடுத்தது.

அந்தத் தடையை உடைத்தது 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. கல் உடைப்போர், மணிக்கல் பட்டை தீட்டுவோர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியைகள் எனத் திரண்டனர் பெண்கள். ஒன்றரை ஆண்டிற்குள் கற்றவர் ஓர் இலட்சத்திற்கும் மேல்! கேலியும் கீழ்த்தரப் பேச்சும் வந்தன, வண்டிகள் நிற்கவில்லை. விளைபொருள் விற்கச் சென்றவள் பஸ்ஸுக்குக் காத்திருந்த பொழுதை மிச்சப்படுத்தினாள். கூடுதலாகச் சில ஊர்களுக்கும் சென்றாள். அதனால் வந்த காசு அவள் கையில் நின்றது.

பெண்களுக்கான வண்டிகள் போதாமற்போயின. ஆண்கள் வண்டிகளையே வாங்கினர். குறுக்கே செல்லும் கம்பி சேலைக்கு இடைஞ்சல் அன்றோ? குழந்தையை உட்காரவைக்க அதுதான் வசதி என்றனர் சிலர்.