திருத்தொண்டு (சென்னை மேற்குப் புறநகர்)

திருத்தொண்டு என்பது கைம்மாறு கருதாமல் இறைவனுக்கும் அடியார்க்கும் செய்யும் பணி. வைணவத்தில் இது கைங்கரியம். சீக்கியரின் லங்கர் பந்தியும், வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையும் இதே போன்ற பணிகளே. ஆவடியை அடுத்த சேக்காட்டுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் திருவேற்காடு, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் உள்ளன. தொண்டால் பெயர்பெற்ற இருவர் இவ்வூர்களில் பிறந்தவர்கள்.

திருவேற்காட்டில் வேளாளர் குடியில் பிறந்த மூர்க்க நாயனார், அடியார்க்கு அமுது படைக்காமல் தாம் உண்ணாதவர். செல்வம் கரைந்தது, நிலமும் விலைபோனது. எஞ்சியது இளமையில் கற்ற சூது ஒன்றே. உள்ளூரில் அவரோடு ஆட ஆளில்லாததால் ஊர் ஊராகச் சென்று கும்பகோணத்தை அடைந்தார். முதல் ஆட்டத்தில் தோற்றுப் பந்தயத்தை ஏற்றிவிட்டு, அடுத்தடுத்த ஆட்டங்களில் வெல்வது அவர் முறை. தோற்ற பின் பணம் தர மறுத்தவரைச் சுரிகை என்னும் குறுவாளால் குத்தினார். மூர்க்கர் என்ற பெயர் அதனால் வந்தது. வென்ற பொருளை அவர் கையாலும் தொடுவதில்லை. சமையல் செய்வோரே எடுத்துக்கொள்வர். அடியார் உண்டபின் கடைப்பந்தியில் அவர் அமர்வார். அறநூல்கள் விலக்கிய சூதைக் கொண்டு அறம் செய்தவரை நாயனாராக ஏற்பதில் இன்றைய வாசகருக்குத் தயக்கம் எழலாம். அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்து 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், சூதையோ சுரிகையையோ மறைக்கவில்லை. அவருக்கு முன்பே சுந்தரரின் திருத்தொண்டத்தொகை மூர்க்கரை அடியார் வரிசையில் சேர்த்திருந்தது. கார்த்திகை மூலம் அவரது குருபூசை நாள்.

பூவிருந்தவல்லியில் வைசியர் குலத்தில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் (11ஆம் நூற்றாண்டு) செய்ததில் இத்தகைய சிக்கல் ஏதுமில்லை. நந்தவனம் வைத்து மலர் பறித்துக் காஞ்சி வரதராசருக்குச் சாத்தினார். பின்னர் ஆலவட்டம் வீசும் கைங்கரியம் ஏற்றார். பெருமாள் அவரோடு நேரில் பேசியதாக மரபு. அந்தக் கைங்கரியத்துக்காக நம்பிகள் வீடுபேறு வேண்டியபோது, அவர் வீசியதற்குத் தாம் பேசியது ஈடாகிவிட்டது என்று பெருமாள் கணக்குத் தீர்த்தாராம். வைணவர் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. ஆனால் தொண்டைக் காட்டி விலை கேட்க இடமில்லை என்ற கண்டிப்பும் அதற்குள் உண்டு.

வைணவ ஆசாரியர் இராமானுசர் தம் ஐயங்களை நம்பிகள் வழியே வரதராசரிடம் கேட்டுப் பெற்ற விடைகளே ‘ஆறு வார்த்தைகள்’. குலம் பாராமல் நம்பிகள் உண்ட மிச்சத்தை உண்ண இராமானுசர் விரும்பினார். இராமானுசர் இல்லாத வேளையில் நம்பிகளுக்கு உணவிட்ட அவர் மனைவி தஞ்சமாம்பாள், மிச்சத்தை அப்புறப்படுத்தி, குளித்துவிட்டுக் கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். இராமானுசரின் இல்லறம் முறிந்ததற்குக் குருபரம்பரை நூல்கள் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று.