எறும்பு அறிந்ததும் அறியாததும்

குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழி, சுந்தரரின் தேவாரப் பாடல் பெற்ற தலம். பிரளய வெள்ளம் பெருகியபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, நீர் சுழித்து அத்துளையுள் இறங்கியதால் ஊர் இப்பெயர் பெற்றது என்று தலபுராணம் கூறும். மழைக்கு ஏங்கும் மண்ணில் ஓர் ஊர் வெள்ளத்தின் நினைவைப் பெயராகத் தாங்கி நிற்பது எண்ணத்தக்கது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சம்சாரிக்கு வாழ்வும் கேடும் வானத்திலிருந்தே வந்தன. இயற்கையின் இடர்களை உயிரினங்கள் முன்னரே அறியும் என்னும் நம்பிக்கை இங்கு வேரூன்றியதற்கு இதுவே காரணம். அந்நம்பிக்கை எதுவரை மெய், எவ்விடத்தில் பொய்க்கிறது என்பது ஆராயத்தக்கது.

கண்மாய் நீர் எட்டாத கரிசற் புஞ்சைகளில் பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாகவே விளைந்தன. மிக முந்தி விதைத்தால் விதை எறும்புக்கும் குருவிக்கும் இரையாகும்; பிந்தினாலோ பட்டம் தவறிவிடும். ஆதலின் உழவர் சிற்றுயிர்களின் நடமாட்டத்தை உற்று நோக்கினர். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதும், தட்டான் தாழப் பறப்பதும், புற்றிலிருந்து ஈசல் எழுவதும் அவர்கட்கு மழைக்குறிகளாயின.

இந்நோக்கு மிகப் பழமையானது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் சிறுகுடிப் பண்ணனைப் பாடிய புறநானூற்றுப் பாடலில் (173), பண்ணன் அளித்த சோற்றைக் கையில் ஏந்திச் செல்லும் சிறார் வரிசைக்கு, மழைக்காலம் நோக்கி முட்டைகளுடன் மேட்டுநிலம் சேரும் எறும்பின் ஒழுங்கு உவமையாகிறது. முடிவேந்தன் ஒருவன் எறும்பைக் குனிந்து பார்த்திருக்கிறான் என்பது இதனால் புலனாகும். கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரரும் தம் பிருகத் சம்கிதையில் எறும்பு முட்டை பெயர்த்தலை உடனடி மழையின் அறிகுறிகளுள் ஒன்றாகவே வைத்தார்.

இக்குறிகளை மூடநம்பிக்கை என்று தள்ளுதல் பொருந்தாது. மழை பொழியுமுன்பே காற்றின் ஈரமும் அழுத்தமும் மாறிவிடுகின்றன. மனிதர் உணராத அம்மாற்றத்தைச் சிற்றுயிர் உணர்கிறது. அஃதாவது, வருவதை அது அறியவில்லை. தொடங்கிவிட்டதை நமக்கு முன்னே அறிகிறது. இவ்வேறுபாட்டை மறந்தவிடத்தே பிழை நேர்கிறது.

உலக வரலாறும் இதனையே காட்டும். கி.மு. 373-இல் கிரேக்க நாட்டு எலிக்கே நகரம் நிலநடுக்கத்தால் அழியுமுன் எலிகளும் பாம்புகளும் வெளியேறின என்று எழுதியவர் ஈலியன். அவரோ நிகழ்ச்சிக்கு ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்டவர். சீனத்தின் ஐசெங் நகரில் 1975 பிப்ரவரி 4-இல் நிலம் நடுங்குமுன், கடுங்குளிரில் பாம்புகள் வளையைவிட்டு வெளிவந்தன என்பர். எனினும் மக்களை வெளியேற்றுவதற்குப் பெரிதும் துணைநின்றவை முன்னதாக நேர்ந்த சிறுநடுக்கங்களே. மறு ஆண்டு, சூலை 28-இல், தாங்சானில் 2,40,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கு முன்னெச்சரிக்கை எதுவும் வெளியிடப்படவில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கையின் யால வனத்து யானைகள் முன்னரே உள்நாடு நோக்கி ஓடின என்ற செய்தி பரவியது. ஆனால் இடமறியும் கருவி பூட்டப்பெற்ற இரு யானைகளின் தடங்களை ஆராய்ந்தபோது, அத்தகைய ஓட்டம் எதுவும் தென்படவில்லை. பேரழிவுக்குப் பின் நினைவு தனக்கு வேண்டிய குறியைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

வறள்நிலத்தின் பேரிடரோ வெள்ளமும் நடுக்கமும் அல்ல, பஞ்சம். 1876-இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் எனப்படும் அக்கொடுமை 1878 வரை நீடித்து, தென்னிந்தியா உள்ளிட்ட பகுதிகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது என்பது பொதுவான மதிப்பீடு. சிவகங்கைச் சீமைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' அப்பஞ்சத்தின் இலக்கியப் பதிவு. அந்நாளில் எந்த எறும்பும் எச்சரிக்கவில்லை. எச்சரிக்க இயலவும் இயலாது. மழை வரப்போவதற்குக் காற்றில் ஈரம் உண்டு. மழை வராமைக்கு அத்தகைய குறி யாது? பருவக்காற்றின் போக்கு தொலைதூரக் கடல்களின் வெப்பத்தால் உருவாகிறது. முன்னறிந்து தப்புவதற்கு மாறாக, கால்நடைகளே கூட்டங்கூட்டமாக மடிந்தன.

பஞ்சத்துக்கு ஓராண்டு முன்னர், 1875-இல், இந்திய வானிலைத் துறை தோன்றியிருந்தது. பஞ்சத்தின் பின்னரே பருவமழையை முன்கூட்டிக் கணிக்கும் கடமை அதன் தலைவர் பிளான்ஃபோர்டிடம் வந்தது. இமயத்துப் பனியின் அளவுக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் தொடர்பு கண்ட அவர், 1886-இல் முதல் முறையான பருவக் கணிப்பை வெளியிட்டார். புற்றருகே தேடிய குறியை மனிதர் பனிமலையில் தேடத் தொடங்கிய காலம் அது.

எனவே எறும்பின் அறிவும் ஆய்வகத்தின் அறிவும் பகையல்ல. ஒன்று நாளையைச் சொல்லும், மற்றொன்று பருவத்தைச் சொல்ல முயலும். எறும்பிடம் பருவத்தைக் கேட்பது எறும்புக்கு இழைக்கும் அநீதி. கண்மாய்க் கரையை உயர்த்துவதும், மடையைச் செப்பனிடுவதும், குதிரில் தானியம் சேர்த்து வைப்பதும் மனிதர் கடமை. அவற்றைச் சிற்றுயிர்மேல் சுமத்தலாகாது. கவிஞர்க்கு எஞ்சுவது கிள்ளிவளவன் விட்டுச்சென்ற பாடம். அவன் எறும்பை ஆரூடக்காரன் ஆக்கவில்லை. உள்ளவாறு பார்த்தான், அவ்வொழுங்கில் உண்ட சிறாரைக் கண்டான். மழை பொய்த்த ஆண்டிலும் அச்சிறார் கைகளில் சோறு இருக்கவேண்டும் என்பதே வறள்நிலத்து வரலாறு விடுக்கும் எச்சரிக்கை.