சிறுதேரும் பித்தளைப் பாரமும்



பிள்ளைகள் சிறுதேர் உருட்டி விளையாடுவது தமிழர்க்கு மிகப் பழைய காட்சி. குறுந்தொகைப் பாடலொன்றில், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவர் உவமையாக வருகின்றனர். பட்டினப்பாலையோ, சோழநாட்டு மனை முற்றத்தில் முக்காற் சிறுதேர் உருட்டும் புதல்வரைக் காட்டுகிறது. கோழியை ஓட்ட மகளிர் எறிந்த காதணி அத்தேரின் வழியை மறித்ததாம்! எத்துணை செல்வச் செருக்கு!

நிற்க. இழுக்கும் கயிறு மறைந்து வானொலி அலை அதன் இடத்தைப் பெற்றது அண்மைக் கதை. 1898ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே நிக்கோலா தெஸ்லா கம்பியின்றி ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். இன்று இளைஞர் அவ்வாறே இயக்கும் சிறு வண்டிகளுள் கற்பாறை மீது ஏறுவனவும் உண்டு. ஏற்றத்தில் முன்சக்கரம் மேலெழ, வண்டி மல்லாந்து விழும். இதற்கு மருந்தாகச் சக்கரத்தினுள்ளே பித்தளை வளையங்களைப் பொருத்துகின்றனர், முன்சக்கரங்களுக்கே அதிகம்.

பாரத்தைக் கீழே வைத்தல் புதுக் கண்டுபிடிப்பன்று. ஆவணித் திருவிழாவில் முன்னேஸ்வரத்தில் வடம் பிடித்தோர் தேரின் அடியைச் சற்றே உற்று நோக்குக. திருவாரூர் ஆழித்தேர் ஏறக்குறைய 96 அடி உயரம் என்பர். அதன் அடிப்பகுதி கனத்த மரம். மேலே விண்ணளாவித் தோன்றுவதோ மூங்கிலும் துணியும். பாரம் முழுவதும் மேலேயிருந்தால், திரளான மக்கள் நடுவே அத்தேர் திரும்பும்போது என்னவாகும்? தச்சர் கணக்கில் உயிர்கள் அடங்கியிருந்தன. பாடல்களில் தேரின் அழகைத் தேடும் நாம் இக்கணக்கைத் தேடுவதில்லை.

பித்தளையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஒரு கன சென்ரிமீற்றர் பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம், அலுமினியமோ 2.7 கிராமே. சிற்றிடத்தில் பெரும்பாரம் அடங்குகிறது. எனினும், வாங்கிய வளையம் எல்லாச் சக்கரத்திற்கும் பொருந்துவதில்லை. சக்கரத்தைத் திருப்பும் உறுப்பிலே உரசும். அப்பொழுது அரத்தால் அல்லது கடைசல் இயந்திரத்தால் விளிம்பைக் குறைக்க வேண்டும். முதலில் உரசும் இடத்தில் மை தடவிச் சுழற்றிப் பார்த்தல் நன்று. ஒருபுறம் மட்டும் தேய்த்தால் சக்கரம் தள்ளாடும். ஆதலின் சுற்றிலும் சமமாக எடுத்து, இணைச் சக்கரத்தின் வளையத்தோடு நிறுத்துப் பார்ப்பர். மிகுந்த பாரமும் ஆகாது: மோட்டார் திணறும், அச்சின் பற்சக்கரங்கள் தேயும். கடைசலுக்கேற்ற பித்தளையிற் பெரும்பாலும் ஈயம் சிறிது கலந்திருக்கும்; அரப்பொடியை ஊதிப் பறக்கவிடாது, ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கைகழுவுதல் வேண்டும்.