நோன்பும் தொழுகையும் தமிழ்ச் சொற்களே

ரமலானில் எதிர்வீட்டு பாய் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். “இவங்க வெளிநாட்டிலிருந்து வந்தவங்களா தாத்தா?” என்று பேரன் கேட்டான்.

நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனா சென்ற கி.பி. 622-ல் ஹிஜ்ரி ஆண்டு தொடங்குகிறது. அதற்கும் முன்பிருந்தே அரபு வணிகர்கள் தமிழகக் கரைக்கு வந்துபோனவர்கள். பின்னர் அவர்களோடு இஸ்லாமும் வந்தது. குதிரைகள் வந்திறங்கிய காயல் துறைமுகத்தைப் பற்றி, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வணிகர் சிலர் இங்கேயே திருமணம் செய்து தங்கினர். உள்ளூர் மக்கள் பலரும் இஸ்லாத்தைத் தழுவினர்.

ஐந்து கடமைகளில் கலிமா, ஜகாத், ஹஜ் மூன்றுக்கும் அரபுப் பெயர். மற்ற இரண்டும் தொழுகை, நோன்பு என்று தமிழாகிவிட்டன. வரம்புக்கு மேல் ஓராண்டு தங்கிய சேமிப்பில் 2.5 சதவீதம் தருவது ஜகாத். வங்கியில் வட்டிக் கணக்கே எழுதிய எனக்கு இந்தக் கணக்கு புதிது!

“மார்க்கம் கடல் தாண்டி வந்ததுடா, ஆனா நோன்புங்கிறது நம்ம சொல்லுதான்” என்றேன். இன்னொரு டம்ளர் கஞ்சி கேட்டான்.