செஞ்சிக்குக் கிடைத்ததும் ஆரணிக்குக் கிடைக்காததும்

ஆரணி என்றவுடன் நம் இல்லத்துப் பெண்களின் நினைவுக்கு வருவது பட்டுச் சேலை. இவ்வூர்த் தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றும் விடுபடலாகாது. இத்துணைப் பொறுமை வாய்ந்த ஊரின் வரலாற்றிலோ பல இழைகள் அறுந்து தொங்குகின்றன.

17ஆம் நூற்றாண்டில், சிவாஜியின் தந்தை ஷாஜியிடம் பணியாற்றிய வேதாஜி பாஸ்கர் பந்த் என்னும் மராட்டியர் ஆரணி ஜாகீரைப் பெற்றார். 1751இல் கிளைவின் படை ராசா சாகிபின் படையை முறியடித்ததும் இவ்வூரின் அருகில்தான். அடுத்துள்ள சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தார்கள் எழுப்பிய அரண்மனை, பல்லாண்டுகள் பேணுவாரின்றிக் கிடந்து சிதைந்தது. ஜமீன் முறை ஒழிந்தபின் அத்தகைய மாளிகைகளுக்குச் சுண்ணாம்பு பூச யார் இருந்தனர்?

லூர்து அன்னை ஆலயம் விளங்கும் சேத்துப்பட்டு வழியாகத் தெற்கே சென்றால் செஞ்சி. 1597இல் அங்குச் சென்ற இயேசு சபைக் குரு பிமென்டா, கிருஷ்ணப்ப நாயக்கரின் நகரச் சிறப்பை எழுதி வைத்தார். 1677இல் கோட்டையைக் கைப்பற்றிய சிவாஜி அதன் அரண்களை வலுப்படுத்தினார். இச்செய்தியை மறு ஆண்டே மடலில் வரைந்தவர் அதே சபையின் ஆந்த்ரே ஃபிரெய்ரே. கல்லில் அழிந்தவை சில காகிதத்தில் எஞ்சியமைக்கு நம் மறைப்பணியாளரும் காரணர் என்பதை நம்மவரே பெரிதும் அறியார். பின்னர் சிவாஜியின் மகன் இராஜாராம் முகலாயரின் முற்றுகையை 1698 வரை தாங்கி நின்றதும் இங்கேதான்.

உலக மரபுச் சின்னங்களைக் காக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1972இல் உருவானது. இந்தியா 1977இல் அதனை ஏற்றது. மாமல்லபுரம் 1984இலும் தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும் பட்டியலில் இடம்பெற்றன. 2025 சூலையில் மராட்டியரின் 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. மகிழ்ச்சியே. ஆனால், அதே மராட்டிய மரபின் ஆரணி மாளிகையை எந்தப் பட்டியல் தேடி வரும்? பட்டியலில் ஏறாத சின்னத்தைக் காக்கும் கடமை அவ்வூராருடையது அன்றோ!

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு. இளங்குருவாய் இருந்தபோது ஒரு பங்கில், கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் கட்டிய சிற்றாலயத்தை இடித்தேன். கூட்டம் பெருகிவிட்டது, கான்கிரீட் ஆலயம் வேண்டும் என்றனர் மக்கள், ஆயத்தோடு முன்னின்றவன் நானே. அருகிலேயே புதியது கட்ட இடம் இருந்தது. சுவர் எளிதில் விழவில்லை. மூன்று நாள் ஆயிற்று. முதியவள் ஒருத்தி ஒரு செங்கல்லை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். தம் திருமணம் அங்குதான் நடந்தது என்று மட்டும் சொன்னாள்.