உழைப்பும் ஊதியமும்

உச்சிப்புளிக்குக் கிழக்கே, மண்டபம், பாம்பன் கரைகளில் மீன்பிடிப்போரிடையே ‘பங்கு’ என்றொரு வழக்கம் உண்டு. மீன் விற்ற பணத்தில் செலவைக் கழித்து, எஞ்சியதைப் படகுக்காரரும் தொழிலாளரும் பகிர்ந்துகொள்வர். வலை நிறைந்தால் வருவாயும் நிறையும்.

ஆலைத் தொழிலில் இவ்வுறவு அத்துணை வெளிப்படையன்று. ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஆக்கும் பொருளின் அளவையே உற்பத்தித் திறன் என்கிறோம். புதிய இயந்திரம் அதனை உயர்த்தும். ஆனால் உயர்வின் பயன் யாரைச் சேர்தல் வேண்டும் என்பதை இயந்திரம் உரைப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின், ஏறத்தாழ 1973 வரை, அமெரிக்க நாட்டில் உற்பத்தித் திறனும் ஊதியமும் இணையாக உயர்ந்தன. காரணம் யாது? சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை 1935ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது. 1950களின் நடுவில் கூலி பெறுவோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் சங்க உறுப்பினர். 1948இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் செய்த உடன்படிக்கை, விலைவாசிக்கேற்ற உயர்வோடு, திறன் வளர்ச்சியின் பங்காக ஆண்டுதோறும் தனி உயர்வையும் அளித்தது. கூலி பெற்றவரே பொருளை வாங்குவோரும் ஆதலின் சந்தையும் விரிந்தது. 1973க்குப்பின் திறன் மேலும் வளர்ந்தது. சாதாரணத் தொழிலாளியின் ஊதியமோ பின்தங்கியது. சங்கங்கள் நலிந்தமை அதற்கொரு காரணம்.

நம் நாட்டிலும் இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1918 ஏப்ரல் 27இல் வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; திரு. வி. க.வும் அதில் பணியாற்றினார். ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து, நீதிமன்றத் தடை பெற்றது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே அத்தகைய வழக்குகளினின்றும் பாதுகாப்பளித்தது. விடுதலைக்குப்பின், நியாய ஊதியத்தை உறுதி செய்கையில் உழைப்பின் உற்பத்தித் திறனையும் கருத வேண்டும் என நியாய ஊதியக் குழு கூறியது. 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் உபரியில் ஒரு பகுதியைத் தொழிலாளர்க்கு உரியதாக்கிற்று.

இவற்றால் நாம் அறிவது யாது? உழைப்பின் பலன் தானாக உழைப்பவனை வந்தடைவதில்லை. சட்டமும் சங்கமும் உடன்படிக்கையும் சேர்ந்தே அதனைக் கொண்டு சேர்க்கின்றன. அவை தளருமிடத்துப் பலனும் வழிமாறுகின்றது. நாளை நீங்கள் தொழிலாளராகலாம், முதலாளியுமாகலாம். எந்நிலையிலும், எவ்வளவு விளைந்தது என்பதோடு, அது எவ்வாறு பகிரப்பட்டது என்றும் கேளுங்கள்.